வீட்டு ஜீப்பும் வீட்டாரின் கையும்

இலங்கையிலே "ஜீப்" என்னும் சொல் ஒரு நிறுவனத்தின் வண்டியை மட்டும் குறிப்பதன்று. உயரமான உடலும் பெரிய சக்கரமும் உடைய வண்டி எதுவாயினும் அது நமக்கு ஜீப்தான். 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே முதன்முதல் வைக்கப்பட்ட லாண்ட் றோவரும் ஜீப். 1982இல் மிற்சுபிசி நிறுவனம் விற்பனைக்கு விட்ட பஜெரோவும் ஜீப். ரொயோட்டாவின் பிராடோவும் ஜீப். முன்னைய வண்டிகள் வயலுக்கும் தோட்டத்துக்கும் உழைக்கப் பிறந்தவை. பின்வந்தவை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், பெற்றோரைக் கோயிலுக்கும், குடும்பம் முழுவதையும் கலியாண வீட்டுக்கும் ஏற்றிச் செல்பவை. வேலை மாறிற்று, ஆனால் உயரமும் பாரமும் மாறவில்லை. இன்று நாம் பேசவிருக்கும் செய்தி முழுவதும் அந்த உயரத்தையும் பாரத்தையும் பற்றியதே.

2020ஆம் ஆண்டு இந்நாட்டுக்குத் தனியார் வாகனங்கள் இறக்குமதியாவது நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் அக்கதவு மீண்டும் திறந்தது. இடையிலே 2022ஆம் ஆண்டின் எரிபொருள்த் தட்டுப்பாடும் வந்தது. புதிய வண்டி வாங்க வழியில்லாத அந்த ஆண்டுகளில், பழைய வண்டியைப் பேணிக் காப்பதே ஒரு குடும்பத் தொழிலாயிற்று. கராச்சின் வாசலை மிதித்தறியாத பலர் சாவியும் திருப்புளியும் கையில் எடுத்தனர். இது நல்ல பழக்கம். வண்டியை நாள்தோறும் ஓட்டுகின்றவனைப்போல் அதன் குறையை முதலில் அறியக்கூடியவர் வேறு யார்? ஆயினும், கையில் எடுத்த சாவி பராமரிப்போடு நின்றுவிடுவதில்லை. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தலாமா, அகலமான டயர் பூட்டலாமா, கூரையிலே சட்டம் வைக்கலாமா என்று மனம் அடுத்த படிக்குப் போகிறது. பராமரிப்பு என்பது வண்டியை அதனை ஆக்கியவன் விட்ட நிலையிலே வைத்திருப்பது. மாற்றம் என்பது அந்த நிலையை விட்டு அதனை நகர்த்துவது. இவ்விரண்டையும் ஒரே வகை வேலையாக எண்ணுவதிலேதான் ஆபத்து இருக்கிறது.

முதலிலே டயரை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கும் தெருவுக்கும் இடையே உள்ள தொடர்பு, உள்ளங்கை அகலமுள்ள நான்கு இறப்பர்த் துண்டுகளே. அவற்றுள் எவ்வளவு காற்று இருக்கவேண்டும் என்பதைச் சாரதியின் கதவைத் திறந்தால் அருகிலுள்ள தூணிலே ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகட்டிற் காணலாம். டயரின் பக்கச்சுவரிலே பொறித்திருக்கும் எண் அதுவன்று. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. இந்த இரண்டையும் மாற்றிக் கொள்பவர்கள் ஏராளம். காற்றை அளப்பது டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில். ஏ9 வீதியிலே ஒரு மணிநேரம் ஓடிவந்த டயர் சூடேறி, உள்ளே காற்று விரிந்து, இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை இறாத்தல் கூடும். எரிபொருள் நிலையத்துக் காற்றுமானியை மட்டும் நம்பாது, சொந்தமாக ஒரு சிறிய மானியை வாங்கி வண்டியிலே வைத்திருப்பது நன்று.

காற்றுக் குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடிந்து நிமிரும். மடிந்து நிமிர்வதாலே சூடு பிறக்கும். சூட்டினாலே இறப்பருக்கும் உள்ளிருக்கும் உருக்கு நாருக்கும் உள்ள பிடிப்பு நெகிழ்ந்து, ஓட்டத்திலே மேற்பட்டை உரிந்துபோகும். சாதாரணக் காரிலே இது நடந்தால் வண்டி இழுபடும். உயர்ந்த ஜீப்பிலே நடந்தால் வண்டி உருளவும் கூடும். 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவிலே பயர்ஸ்ரோன் நிறுவனம் ஏறக்குறைய 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. அவற்றுட் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோறர் என்னும் குடும்ப ஜீப்புகளிலே பூட்டப்பட்டவை. மேற்பட்டை உரிந்து வண்டி புரண்ட விபத்துகளிலே இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டயரின் குற்றம் என்றது ஒரு நிறுவனம். டயர் செய்தவர்களோ வண்டிக்காரர் விதித்த காற்றழுத்தம் குறைவு என்றனர். வழக்கு எவ்வாறாயினும், அதன் விளைவாக அந்நாட்டிலே சட்டம் பிறந்து, டயரிலே காற்றுக் குறைந்தால் சாரதிக்கு விளக்கு எரிந்து அறிவிக்கும் கருவி எல்லாச் சிறு வண்டிகளுக்கும் கட்டாயமாயிற்று. நம் தெருக்களில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் அக்கருவி இல்லை. எனவே அந்த விளக்கின் வேலையை வீட்டுக்காரரே செய்யவேண்டும்.

டயருக்கு வயதும் உண்டு. பக்கச்சுவரிலே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திலே செய்தது என்று பொருள். பட்டை தேயாமலே இறப்பர் முதிர்ந்து வெடித்துவிடும். முக்கியமாக, பின்கதவிலே ஆண்டுக்கணக்காக வெயில் காய்ந்து தொங்கும் மேலதிகச் சக்கரத்தைப் பாருங்கள். தேவைப்படும் நாளிலே அது உதவுமா என்பது அந்த நான்கு இலக்கங்களிலே எழுதியிருக்கும்.

இனித் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவது என்பதை அந்த ஊர் நேயர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கேத்தலின் அடியிலே படியும் வெள்ளைக் கட்டியே சாட்சி. அதே நீரை ரேடியேற்றரிலே ஊற்றினால் அதே வெள்ளைக் கட்டி அங்கும் படியும். ரேடியேற்றரின் குழாய்களோ மிகவும் ஒடுங்கியவை. படிவு வெப்பத்தைக் கடத்தாது. இயந்திரம் மெல்ல மெல்லச் சூடாகும். ஒரு நாள் ஏற்றத்திலே தலைப்பாகம் வளைந்து, பெருஞ்செலவு வந்து வாசலில் நிற்கும். நம் நாட்டிலே பனிக்கட்டி உறைவதில்லை, ஆகவே குளிர்விப்புத் திரவம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. உறையாமற் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், உள்ளே உலோகம் அரிக்கப்படாமற் காப்பதும் அதன் மற்ற வேலைகள். அவை நமக்கு வேண்டியவை. கையேடு சொல்லும் திரவத்தை, கலந்தே விற்பதாயின் அப்படியே ஊற்றலாம். அல்லவாயின், தாதுப்பொருள் நீக்கிய தண்ணீரோடு சொல்லப்பட்ட அளவிலே கலந்து ஊற்றவேண்டும்.

ரேடியேற்றரின் மூடி வெறும் மூடியன்று. அது ஓர் அழுத்த வால்வு. உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைப்பதால் தண்ணீர் 100 பாகையிலே கொதிக்காமல் ஏறக்குறைய 120 பாகைவரை திரவமாகவே இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, உள்ளிருப்பது முழுவதும் அந்தக் கணத்திலேயே கொதித்து முகத்திலே பாயும். ஈரச்சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்லும் துணிவாளரைக் கேட்காதீர்கள். அரைமணி நேரமாவது காத்திருங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது நாம் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். ஆட்களும் பொதிகளும் அடங்க 2,000 கிலோகிராம் எடையுள்ள ஜீப், ஆயிரம் மீற்றர் இறங்கும்போது விடுகின்ற சக்தியைக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 65 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இந்தச் சக்தி எங்கே போகும்? ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த கியரிலே இறங்கினால் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மேல் கியரிலே விட்டுவிட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால், மீதி முழுவதும் நான்கு சக்கரங்களிலுமுள்ள சிறு உலோகத் தட்டுகளிலே சேரும்.

அங்கேதான் பிரேக் திரவத்தின் குணம் வெளிப்படும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 பாகையிலேதான் கொதிக்கவேண்டும் என்பது விதி. அது நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைந்த ஈரத்தை உறிஞ்சிய பின்னர் அதே விதி 155 பாகையே கேட்கிறது. கொதித்தால் குழாயினுள் ஆவி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆதலால் மிதி தரைவரை போகும், சக்கரம் நிற்காது. சில நிமிடம் ஆறியபின் பார்த்தால் மிதி பழையபடி உறுதியாக இருக்கும். குறை ஒன்றும் இல்லை என்று கராச்சிலே சொல்லுவார்கள். குறை திரவத்தின் வயதிலே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றுவது பொதுவான வழக்கு. செலவோ ஒரு டயரின் விலையிலே சிறு பங்கு.

இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது எது? கிண்ணத்திலே மட்டம் பார்ப்பது, நிறம் பார்ப்பது, கடைசியாக மாற்றிய திகதியை ஒரு கொப்பியிலே எழுதி வைப்பது. மட்டம் மெல்லக் குறைந்தால் தேய்மானப் பட்டைகள் மெலிந்துவிட்டன என்று பொருள். சட்டென்று குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். இரண்டிலும் மேலே ஊற்றி நிரப்புவது மருந்தாகாது. குழாயைக் கழற்றுவதும் காற்றை வெளியேற்றுவதும் பயின்றவர் கைக்கு உரிய வேலை. சக்கரம் வழுக்காமற் காக்கும் மின்னணுக் கருவியுள்ள வண்டிகளில் இது இன்னும் சிக்கலானது. இயந்திர எண்ணெயை அந்தக் கிண்ணத்திலே ஒருபோதும் ஊற்றலாகாது. ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் யாவும் ஊதிக் கெட்டுவிடும்.

மற்றைய பராமரிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிப் போகலாம். இயந்திர எண்ணெயைச் சமதரையிலே, இயந்திரத்தை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்கவேண்டும். டீசல் இயந்திரத்திலே புது எண்ணெயும் விரைவிலே கறுத்துவிடும். கறுத்தது என்பதற்காகக் கலங்கவேண்டாம், ஆனால் பால்நிறமானால் உடனே கவனியுங்கள், தண்ணீர் கலந்துவிட்டது. வன்னியின் கிரவல் வீதிகளிலே ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியைக் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்னரே பார்க்கவேண்டும். தட்டிப் பார்க்கலாம், அழுத்தக் காற்றைக் கிட்டப்பிடித்து ஊதினால் தாளிலே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். டீசல் வடிகட்டியின் அடியிலே தண்ணீர் சேரும் கிண்ணம் உண்டு. தட்டுப்பாட்டுக் காலத்திலே கலன்களிற் சேமித்த டீசலைப் பாவித்தவர்கள் இதன் அருமையை அறிவர். கடற்காற்றிலே நிற்கும் வண்டிக்கு மேற்பூச்சைவிட அடிச்சட்டமே முக்கியம். மன்னார், பூநகரி வழியே போய்வருவோர் மாதம் ஒருமுறையாவது அடியிலே நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும்.

வண்டியின் அடியிலே புகுவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஜக் என்பது தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. சக்கரம் மாற்றும் அளவுக்குத்தான் அதனை நம்பலாம். அதன் கீழ் உடலை நீட்டுவதானால் உருக்குத் தாங்கிகள் வேண்டும். நிலம் உறுதியாக இருக்கவேண்டும். நிலத்திலே நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலே ஓடிய பழைய லாண்ட் றோவர்களிலே கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டியின் பின்னாலுள்ள தண்டையே பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றை நிலத்திலிருந்து தூக்கியதும், அந்தச் சக்கரம் ஒருபுறம் சுழல மறுசக்கரம் எதிர்ப்புறம் சுழன்று, வண்டி ஜக்கைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடும். கைப்பிரேக்கை இறுக்கித்தானே விட்டேன் என்று சொல்வதற்கு அப்போது நேரம் இராது.

இப்போது மாற்றங்களுக்கு வருவோம். வண்டி ஒரு பக்கம் புரளாமல் நிற்பதற்கு இரண்டு அளவுகள் காரணம்: இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், தரையிலிருந்து வண்டியின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரம். அகலத்திற் பாதியை உயரத்தால் வகுத்தால் வருவதே நிலைத்தன்மை எண். ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் கணிப்பிலே சாதாரணக் கார்களுக்கு இந்த எண் 1.3 முதல் 1.5 வரை, ஜீப் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. அதாவது, கடையிலிருந்து வரும்போதே ஜீப் காரைவிட எளிதிற் புரளக்கூடியது. இனி ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். அகலம் 1.5 மீற்றர், மையத்தின் உயரம் 70 சென்ரிமீற்றர் என்றால் எண் 1.07. வில்லின் அடியிலே கட்டை வைத்து வண்டியை 5 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம் உயர்த்தினால் எண் 1.00. பார்வைக்கு அழகான அந்த இரண்டு அங்குலம், ஏற்கெனவே சிறிதாயிருந்த காப்பை இன்னும் சிறிதாக்கிவிட்டது. நாய் ஒன்று குறுக்கே பாயும்போது சாரதி திடீரெனத் திருப்புவாரே, அந்தத் திருப்பத்திலேதான் இந்த வேறுபாடு தெரியவரும்.

கூரைச் சட்டமும் இதே கணக்கிற்குட்பட்டது. கதிர்காமத்துக்கோ மடுவுக்கோ குடும்பத்தோடு புறப்படும்போது கூரையிலே சமையற் பாத்திரமும் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கலனும் ஏறும். கூரை தாங்கும் எடை கையேட்டிலே குறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் சொந்த எடையையும் அதிலே சேர்த்துத்தான் எண்ணவேண்டும். பாரமானவற்றை உள்ளே, தாழ்வாக, பின்னிருக்கையை ஒட்டிவைத்து, பாயையும் தலையணையையும் கூரைக்கு அனுப்புவது செலவில்லாத மாற்றம்.

பெரிய டயரைப் பார்ப்போம். பிராடோ வகைகளிற் பலவற்றுக்கு உரிய அளவு 265/65, விளிம்பு 17 அங்குலம். அதன் விட்டம் 776 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 285/70 பூட்டினால் விட்டம் 831 மில்லிமீற்றராகும், நூற்றுக்கு ஏழு பங்கு அதிகம். வேகமானி 70 காட்டும்போது வண்டி 75 ஓடும். அது மட்டுமோ? அதே பிரேக் இப்போது பெரிய, பாரமான சக்கரத்தை நிறுத்தவேண்டும். சில வண்டிகளிலே முழுத் திருப்பத்தில் டயர் சட்டத்தோடு உராயும். எரிபொருளும் கூடுதலாகச் செல்லும். சேற்றிலே நாள்தோறும் உழைக்கும் வண்டிக்கு இவ்விலை தகும். கொழும்பிலிருந்து வவுனியாவுக்குத் தார்வீதியிலே போய்வரும் குடும்பத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரு பயனும் இல்லை.

மேலதிக விளக்குப் பூட்டுவோர் பலர். 55 உவாற்று விளக்கு இரண்டு, 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து ஒன்பது அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதனை மெல்லிய வயரிலே நேரே சுவிச்சுக்குக் கொண்டுபோனால் வயர் சூடேறி உருகும். பற்றரிக்கு அருகிலேயே உரிய பியூஸ் வைத்து, றிலே மூலம் இணைத்தல் வேண்டும். வண்டிகள் தீப்பற்றி எரிவதற்கு இத்தகைய கைவேலை ஒரு காரணம். பழைய இழைக் குமிழுக்கென வடித்த விளக்குக் கிண்ணத்திலே வேறுவகைக் குமிழைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். எதிரே வருபவர் கண் தெரியாது நம்மீதே வந்து மோதக்கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது, பொதிவைக்கும் இடத்திலே பிள்ளைகளுக்கென்று ஆசாரியைக் கொண்டு பலகையாசனம் பூட்டுவது. இருக்கைப் பட்டியின் ஆணி வண்டியின் சட்டத்திலே வலுவூட்டிய இடத்திலே இருக்கவேண்டும். வெறுந் தகட்டிலே துளைபோட்டு மாட்டிய ஆணி மோதலிலே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நான்கு பிள்ளைகளுக்கு இடம் போதவில்லையானால் இரண்டு முறை போய்வருவதே வழி.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்நாட்டிலே வாகனங்களின் பதிவையும் அமைப்பையும் ஆள்கிறது. பதிவிலே உள்ள விவரங்களுக்கு மாறாக எதையும் செய்யுமுன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலும், உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பின்னர் கேட்கப்படும் முதற் கேள்விகளிலே இதுவும் ஒன்று.

வீட்டிலே எண்ணெய் மாற்றுவோருக்கு ஒரு வார்த்தை. டீசல் ஜீப்பிலிருந்து இறங்கும் கழிவெண்ணெய் ஏழு எட்டு லீற்றர் வரும். அதனை வேலியோரத்திலே ஊற்றும் வழக்கம் உண்டு, கறையானுக்கு நல்லது என்று சொல்லி. சுண்ணாம்புக்கல் நிலத்திலே ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் செல்லாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கண்ட துன்பத்தை அயலூரார் மறந்திருக்கமாட்டார்கள். இறுக மூடக்கூடிய கலனிலே சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்கும் சேவை நிலையத்திலே கொடுத்துவிடுங்கள். வடிகட்டியைத் துளைபோட்டுக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டால் அதிலே தங்கியிருப்பதும் அதே கலனுக்கு வந்துவிடும்.